நடுவர் விழுந்தால் விசில் யாருக்கு?

வள்ளியூர்க்காரர் கேட்டது: 2025 ஜூலை 6, மாலை 6.10

எங்கள் ஊர் மின்னொளி எழுவர் கால்பந்துப் போட்டியின் அரையிறுதி. இரண்டாம் பாதி தொடங்கிய சிறிது நேரத்தில் நடுவருக்குப் பின்தொடை பிடித்துக்கொண்டது. வெளியே வாருங்கள் என்றோம், மறுத்துவிட்டார். நடுவட்டத்திலேயே நின்று மீதி ஆட்டத்தையும் ஊதி முடித்தார். கடைசி நிமிடக் கோலைக்கூட முப்பது மீட்டர் தள்ளி நின்றுதான் கொடுத்தார். தோற்ற அணி இப்போது எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறது. ஓட முடியாதவர் நடத்திய ஆட்டம் செல்லாது, மறுபடி நடத்துங்கள் என்கிறார்கள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. விதி என்ன சொல்கிறது?

என் பதில் (நானும் நடுவர்தான்): ஜூலை 6, இரவு 9.40

ஆட்டம் செல்லும். மறு ஆட்டத்துக்கு இடமே இல்லை. கோல் விழுந்ததா, முடிவு என்ன என்பவற்றில் நடுவர் சொன்னதே இறுதி என்கிறது கால்பந்து விதிப் புத்தகத்தின் ஐந்தாம் விதி. இரண்டு காலில் நின்று சொன்னாரா, ஒற்றைக் காலில் நின்று சொன்னாரா என்று அது கேட்பதில்லை. முப்பது மீட்டர் தள்ளி நின்று கோல் கொடுப்பது குற்றம் என்றால், கால் நன்றாக இருக்கும் நடுவர்களிலேயே பாதிப் பேரை நான் பிடித்துக் கொடுப்பேன்.

ஆனால் அவர் வெளியே வந்திருக்க வேண்டும். அது வேறு கணக்கு.

ஆட்டத்தின் நடுவே நடுவருக்கு முடியாமல் போனால் என்ன செய்வது என்பதற்கு விதிப் புத்தகம் ஒதுக்கியிருப்பது இரண்டே இடம். ஐந்தாம் விதியில் ஒரு வரி: நடுவர் செயல்பட முடியாத நிலைக்குப் போனால், பந்து அடுத்து வெளியே போகும்வரை மற்ற ஆட்ட அலுவலர்களின் மேற்பார்வையில் ஆட்டம் தொடரலாம். ஆறாம் விதியில் இன்னொன்று: நடுவரோ துணை நடுவரோ தொடர முடியாவிட்டால் அந்த இடத்துக்கு யார் வருவார் என்பதைப் போட்டியின் விதிமுறை தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். நடுவர் போனால் விசிலை எடுப்பது களத்துக்கு வெளியே நிற்கும் நான்காம் நடுவரா, மூத்த துணை நடுவரா என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். மீதியைப் போட்டி நடத்துகிறவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

இப்போது உங்கள் நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். நுழைவுக் கட்டணம் இருக்கும். முதல் பரிசு யார் உபயம், சுழற்கோப்பை யார் நினைவாக என்பதெல்லாம் இருக்கும். 'நடுவர் தீர்ப்பே இறுதியானது' என்று தடித்த எழுத்தில் இருக்கும். அந்த நடுவரே விழுந்துவிட்டால் என்ன என்பது இருக்காது. நம் ஜில்லாவில் அப்படி ஒரு நோட்டீஸை நான் பார்த்ததில்லை.

ஜூலை 6, இரவு 11.20

படுக்கப் போகும் முன் ஒன்று. களத்தில் உள்ள அத்தனை பேரையும் வெளியே போகச் சொல்ல நடுவரால் முடியும். ரத்தம் வழிகிற ஆட்டக்காரர், வாய் நீளும் பயிற்சியாளர், யாராக இருந்தாலும் சரி. நடுவரை வெளியே போகச் சொல்லத்தான் அங்கே ஆள் கிடையாது. உங்கள் அரையிறுதியில் நடந்தது இதுதான். அவருடைய பிடிவாதத்தைக் குறை சொல்லாதீர்கள். பிடிவாதம் இல்லாதவர் இந்த வேலைக்கே வரமாட்டார்.

ஜூலை 8

விழுந்த உடனே ஆட்டத்தை நிறுத்தாமல் பந்து வெளியே போகும்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று சமாதானபுரத்து நண்பர் கோபப்படுகிறார். 'தொடரலாம்' என்றுதான் இருக்கிறது. தொடர்ந்தே ஆக வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்றால் பந்து வெளியே போகட்டும், அவசரமில்லை. தலையில் பட்டு அசையாமல் கிடக்கிறார் என்றால் துணை நடுவர் கொடியை ஆட்டிக்கொண்டே உள்ளே ஓட வேண்டும். அப்போது பந்து எங்கே போனால் என்ன.

இதிலேயே ஒரு பழைய புதிர் உண்டு. நடுவர் முகத்தில் பந்து பட்டுச் சுருண்டுவிட்டார். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும்போது கோல் விழுகிறது. கொடுக்கலாமா? முன்பு ஃபிஃபா வெளியிட்ட கேள்வி பதில் தொகுப்பில் விடை இருந்தது: நடுநிலையான துணை நடுவர் அது முறையாக விழுந்த கோல் என்று கருதினால் கொடுக்கலாம். நடுநிலையான துணை நடுவருக்கு நாம் எங்கே போவது? இந்தப் பக்கத்தில் ஒரு கொடியை முந்தைய ஆட்டத்தில் தோற்ற அணியின் பையன் பிடித்திருப்பான். மற்றக் கொடி விழாக் குழுத் தலைவரின் மைத்துனர் கையில் இருக்கும்.

அதோடு 2019இல் இன்னொன்று மாறிவிட்டது. அதற்கு முன் நடுவரும் கோல் கம்பம் மாதிரிதான். பந்து பட்டால் பட்டதுதான், ஆட்டம் போய்க்கொண்டிருக்கும். இப்போது அப்படியில்லை. பந்து அவர்மேல் பட்டு நேரே கோலுக்குள் போனாலும், எதிரணி வசம் மாறினாலும், ஒரு நல்ல தாக்குதலுக்கு வழிவிட்டாலும் நிறுத்தி டிராப் பால் போட வேண்டும், அதாவது நடுவர் பந்தைக் கையிலிருந்து கீழே விட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்க வேண்டும். ஆகவே மூக்கில் பட்டு எதிரணிக்காரன் காலில் விழுந்த பந்தை அவன் உள்ளே தள்ளினால் கோல் இல்லை. பந்து வைத்திருந்த அணியிடமே திரும்பி, அவர்கள் நிதானமாகக் கொண்டுபோய்ப் போட்டால்தான் அந்தப் பழைய விடைக்கு வேலை வரும்.

ஜூலை 9

இந்த ஜூலை முதல் டிராப் பால் விதியே மாறியிருக்கிறதே என்று ஒருவர் சுட்டியிருக்கிறார். சரிதான். நிறுத்தியபோது பந்து பெனால்டி பகுதிக்குள் இருந்தால் கோல் கீப்பருக்கு, அது பழையபடி. வெளியே என்றால் முன்பு கடைசியாகத் தொட்ட அணிக்குக் கொடுத்தோம். இப்போது பந்து யார் வசம் இருந்ததோ, அல்லது யார் வசம் போயிருக்குமோ, அந்த அணிக்கு. ஆனால் அது நடுவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால்தான் கடைசியாகத் தொட்டவருக்கு. மற்றவர்கள் நான்கு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

நடுவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டுமாம்! மண்ணில் முகம் பதிந்து கிடப்பவரிடம் போய்க் கேளுங்கள். விசிலை வாங்கிக்கொண்டவர் என்ன பார்த்தாரோ அதுதான் கணக்கு. அவரும் பார்க்கவில்லை என்றால் கடைசியாகத் தொட்ட அணி.

ஜூலை 12

சட்டம் போதும், நேரில் கண்டதைச் சொல்லுங்கள் என்கிறார்கள். ஒன்று சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ராதாபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர், புரிகிறவர்களுக்குப் புரியும். ஆனி பிறந்து காற்று எழுந்துவிட்டால் அங்கே ஒரு பக்கம் உதைத்த பந்து தேரி மணல்மேட்டுக்குப் போய்விடும், மறுபக்கம் உதைத்தால் உதைத்தவனிடமே திரும்பி வரும். நடுவராக இருந்தவர் எனக்கு மூத்தவர், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், எல்லோருக்கும் அண்ணாச்சி. அடுத்த ஆட்டத்தை ஊத வேண்டியவன் என்பதால் நான் மேசையருகே காலை நீவிக்கொண்டிருந்தேன்.

தடுப்பாட்டக்காரன் ஒருவன் காற்றை எதிர்த்து முழு வலுவில் உதைத்தான். மூன்று எட்டில் நின்ற அண்ணாச்சியின் பொட்டில் போய் விழுந்தது. உட்கார்ந்தார். எழுந்தார். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. டிராப் பால் போட்டு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். கைதட்டல் கிடைத்த பிறகு எந்த நடுவரும் வெளியே வரமாட்டார். ஒரு நடுவருக்கு வாழ்நாளில் அது எத்தனை முறை கிடைக்கும்?

கொஞ்ச நேரத்தில் ஒரு த்ரோ இன்னை மாற்றிக் கொடுத்தார். யாரும் சந்தேகப்படவில்லை, நடுவர் த்ரோ இன்னை மாற்றிக் கொடுப்பது உலக வழக்கம். பிறகு அப்பட்டமான கார்னருக்குக் கோல் கிக் காட்டினார். பிறகு ஓர் அணியின் கேப்டனிடம் போய், "தம்பி, இது முதல் பாதிதானே?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பையன் பந்தை விட்டுவிட்டு எங்கள் மேசையைப் பார்த்து ஓடி வந்தான். அவன் அணி அப்போது ஒரு கோல் பின்தங்கியிருந்தது. நேரத்தை வீணாக்குகிறான் என்று அவன் ஆட்களே அவனைத் திட்டினார்கள்.

நான் உள்ளே போனேன். அண்ணாச்சி என்னைப் பார்த்து முறைத்தார்.

"உங்களை யார் உள்ளே விட்டது?"

விதிப்படி அவர் கேட்டது முழுக்கச் சரி. நடுவர் அனுமதிக்காமல் மருத்துவர்கூட உள்ளே வரக் கூடாது. அனுமதி தர வேண்டியவருக்குத்தான் அன்று மருத்துவர் தேவைப்பட்டார்.

"அண்ணாச்சி, விழாக் குழுவினர் உங்களிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமாம்" என்று பொய் சொல்லித்தான் கூட்டிவந்தேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் வாந்தி எடுத்தார். 108ஐ அழைத்தோம். வண்டி வந்ததும் நாகர்கோவிலா, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையா என்று நாலு பேர் பட்டிமன்றம் தொடங்கினார்கள். ஓட்டுநர் எதையும் காதில் வாங்காமல் பக்கமாக இருந்த நாகர்கோவிலுக்கே எடுத்தார்.

வண்டி கோயில் முக்கில் திரும்பிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. விசில், கைக்கடிகாரம், அட்டைகள், எழுதி வைக்கும் சின்ன நோட்டு, எல்லாம் அவர் சட்டைப் பையிலேயே போய்விட்டன.

விசில் என்னிடம் இருந்தது. நேரம் மேசையில் இருந்தது. மஞ்சள் அட்டைக் கணக்கு? ஒரு கேப்டன் மூன்று பேர் என்றான், மூவரும் எதிரணி. மற்றவன் இரண்டு பேர் என்றான். இருவரும் இவன் அணி. மைக் பிடித்திருந்தவர் ஆர்வத்தில் பார்வையாளர்களையே கேட்டுவிட்டார். அவர்கள் இரண்டு அணிகளையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். கடைசியில் தண்ணீர்ப் பாக்கெட் விற்றுக்கொண்டிருந்த சிறுவன் சட்டை எண்ணோடு, என்ன தவறுக்கு என்பது உட்படச் சொன்னான். இரண்டு கேப்டன்களாலும் மறுக்க முடியவில்லை.

அண்ணாச்சி நலம். கண்காணிப்பில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஆட்டம் எப்படி முடிந்தது என்று இன்றும் அவருக்கு நினைவில்லை. எனக்கும் மறந்துவிட்டது என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜூலை 13, காலை

மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போனது. தலையில் அடிபட்டவரைச் சோதிக்க மைதானத்தில் கேட்கும் கேள்விகள் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஒன்றே: இது எந்த மைதானம், இது எந்தப் பாதி, கடைசிக் கோல் போட்டது யார், போன ஆட்டம் யாரோடு. அண்ணாச்சி அந்தச் சோதனையைத் தமக்குத் தாமே நடத்திக்கொண்டார். திருத்துவதற்கு ஆள் இல்லை. விடை தடுமாறினாலும், வாந்தி, தலைசுற்றல், மங்கலான பார்வை இருந்தாலும் அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது. அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அடுத்த ஆட்டத்தை ஊதுகிறேன் என்ற பேச்சே கூடாது. விடை எல்லாம் சரியாக இருந்து முகம் மட்டும் சரியில்லை என்றாலும் வெளியே அனுப்புங்கள்.

ஆட்டக்காரர்களுக்கு இதற்கென்று தனி மாற்று ஆள் முறை 2021இல் சோதனையாக வந்து, 2024இல் விதிப் புத்தகத்துக்குள் ஏறிவிட்டது. நடுவருக்கு அப்படி ஏதும் எழுதவில்லையே என்று கேட்காதீர்கள். நடுவரை மாற்ற எண்ணிக்கை வரம்பே கிடையாது. தடை விதியில் இல்லை. மாற்று விசில் இல்லாததுதான் தடை.

ஜூலை 15

அதெல்லாம் பெரிய ஊர்களில் ஒழுங்காக நடக்கும் என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு இரண்டு செய்தி.

1972 செப்டம்பர் 16, லண்டன் ஹைபரி மைதானம். ஆர்சனலும் லிவர்பூலும் மோதுகின்றன. கோட்டு நடுவர் ஒருவருக்குக் காலில் காயம், தொடர முடியவில்லை. பதிலுக்கு ஆள் இல்லை. ஒலிபெருக்கியில் தகுதி பெற்ற நடுவர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஆட்டம் பார்க்க வந்திருந்த தொலைக்காட்சி விமர்சகர், முன்னாள் ஆட்டக்காரர் ஜிம்மி ஹில் இறங்கிவந்து கொடியை வாங்கிக்கொண்டார். நடுவர் தேர்வு எழுதித் தேறியவர் அவர். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது.

இது நடப்பதற்கு முன்பே, மாற்று நடுவரை முன்கூட்டியே பெயர் சொல்லி நிறுத்த வேண்டும் என்று 1966இல் ஏற்பாடு செய்தவர் கென் ஆஸ்டன். மஞ்சள், சிவப்பு அட்டைகளை யோசித்த அதே மனிதர். நான்காம் நடுவர் விதிக்குள் வந்தது 1991இல்.

அதற்குப் பிறகும் முடியவில்லை. 2024 ஜனவரியில் ஜெர்மனியின் முதல்நிலை லீக், வோல்ஃப்ஸ்பர்க்கும் கொலோனும் ஆடிய ஆட்டம். துணை நடுவர் தலையில் பந்து பட்டு வெளியேறினார். நான்காம் நடுவர் கொடியை எடுத்துக்கொண்டார். நான்காம் நடுவர் இடம் காலி. மறுபடியும் ஒலிபெருக்கி, பார்வையாளர் வரிசையிலிருந்து ஓர் உள்ளூர் நடுவர் எழுந்து வந்து அந்த இடத்தில் நின்றார். இடையில் ஐம்பது ஆண்டுகள்!

மேலப்பாளையத்து நண்பர் உடனே எழுதுகிறார்: நம் ஊரில் மைக்கில் அப்படிக் கேட்டால் எத்தனை பேர் வருவார்கள் தெரியுமா என்று. தெரியும். எல்லோரும் வருவார்கள். அதனால்தான் கேட்கக் கூடாது.

ஜூலை 16

சுவீடன் நடுவர் ஆண்டர்ஸ் ஃபிரிஸ்க் விஷயத்தை இதில் சேர்க்காதீர்கள். 2004 செப்டம்பரில் ரோமா, டைனமோ கீவ் ஆட்டத்தின் இடைவேளைக்கு நடந்துபோனவர் நெற்றியில் கூட்டத்திலிருந்து வந்த பொருள் பட்டு ரத்தம் வழிந்தது; ஆட்டம் கைவிடப்பட்டது, கீவுக்கு 3–0 வெற்றி கொடுத்தார்கள். அது காயம்பட்டவருக்கு மாற்று ஆள் தேடும் பிரச்சினை அன்று. 2022 மார்ச்சில் ஜெர்மனியின் போஹும் நகரில் துணை நடுவர் தலையில் குவளை வந்து விழுந்தபோதும் ஜெர்மானியர்கள் மாற்று ஆள் தேடவில்லை. அங்கேயே முடித்து, 2–0 என முன்னிலையில் இருந்த மென்ஷன்கிளாட்பாக்குக்கே வெற்றியைக் கொடுத்தார்கள். 2023 டிசம்பரில் துருக்கியில் ஒரு கிளப்பின் தலைவரே களத்துக்குள் வந்து நடுவர் ஹலில் உமுத் மெலரைக் குத்தினார். நாட்டின் லீக் முழுவதையும் சில நாள் நிறுத்தி வைத்தார்கள்.

தானாகப் பட்ட அடி என்றால் மாற்று நடுவர். அடிக்கப்பட்டார் என்றால் ஆட்டம் முடிந்தது. இந்த இரண்டையும் குழப்பும் விழாக் குழுக்கள் நம் பக்கத்தில் உண்டு. ஒரு நடுவர் கன்னத்தில் அறை வாங்கியதும், "சார், நீங்கள் வந்து ஊதுங்கள், கூட்டம் காத்திருக்கிறது" என்று என்னிடம் வந்தார்கள். மாட்டேன் என்றேன். கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டார்கள். அடித்தவனை வைத்து ஊதச் சொல்லுங்கள் என்றேன். அந்த ஊரிலிருந்து அதன் பிறகு அழைப்பு வருவதில்லை, நிம்மதி.

ஜூலை 20

இனி கால். நடுவருக்கு வரும் காயங்களில் மிகுதியானவை யாரும் இடிக்காமல் வருபவை. பின்தொடை, கெண்டைக்கால், கணுக்கால். மேல்நிலை ஆட்டத்தில் நடுவர் பத்துக் கிலோமீட்டருக்கு மேல்கூட ஓடுகிறார், அதில் பின்னோக்கியும் பக்கவாட்டிலும் ஓடுவது வேறு. அதற்கேற்ற தேர்வும் உண்டு. சர்வதேச ஆண் நடுவர் 40 மீட்டரை ஆறு நொடிக்குள் ஆறு தடவை ஓடிக் காட்ட வேண்டும். பிறகு 75 மீட்டரை 15 நொடியில் ஓடி, 25 மீட்டரை 18 நொடியில் நடந்து, இப்படியே நாற்பது தடவை. நாம் என்ன செய்கிறோம்? ஐம்பதைத் தாண்டிய உடற்கல்வி ஆசிரியரைக் காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டு, லீக் ஆட்டம் எல்லாவற்றையும் ஊத வைத்து, நடுவில் பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் கொடுத்து, இரவு மின்னொளியில் அரையிறுதிக்கு அனுப்புகிறோம். வள்ளியூர்க்காரர் சொல்லட்டும், உங்கள் நடுவருக்கு அது அன்றைக்கு எத்தனையாவது ஆட்டம்?

குதிநாண், அதாவது கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் நாண், அறுந்தால் கதையே வேறு. 'பட்' என்று ஒரு சத்தம். பின்னாலிருந்து எவனோ உதைத்தது போலவே இருக்குமாம். எங்களோடு இருந்த ஒருவர் அப்படித்தான் திரும்பிப் பார்த்து, கண்ணில் பட்ட முதல் ஆட்டக்காரனுக்குச் சிவப்பு அட்டையை நீட்டிவிட்டுக் கீழே விழுந்தார். அந்தப் பையன் ஏழெட்டு மீட்டர் தள்ளி நின்றிருந்தான். (அட்டையைத் திரும்பப் பெறலாமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு: ஆட்டம் மறுபடி தொடங்கும் முன் என்றால் பெறலாம். பெற்றார், ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே.) சோதிக்க எளிய வழி உண்டு. குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலைப் பிசையுங்கள். பாதம் கீழ்நோக்கி அசைந்தால் தப்பித்தார். அசையாவிட்டால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்; எண்ணெயெல்லாம் பிறகு.

எண்ணெய் என்றதும் வர்ம வைத்தியர் பேரனான நண்பர் சண்டைக்கு வருவார், தெரியும். உங்கள் தாத்தா கைப்பட்டு நடந்தவன் நான். ஆனால் தசை கிழிந்த உடனே, உள்ளே ரத்தம் கசியும்போது, சூடான தைலம் ஊற்றி அழுத்தித் தேய்ப்பதை உங்கள் தாத்தாவே ஒப்புக்கொள்ள மாட்டார். இரண்டு மூன்று நாள் போகட்டும்.

ஐஸ்? ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்துதல் என்ற சூத்திரத்தை 1978இல் சொன்ன அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே பிற்பாடு, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று மாற்றிச் சொல்லிவிட்டார். வலி அடங்க, துணி சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். அதற்கு மேல் அதில் மருத்துவம் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் நம் கடற்கரை ஊர்களை மிஞ்ச ஆளில்லை. கடல் இல்லாத ஊரில் ஐஸ் கேட்டால் பெட்டிக்கடைக்குச் சைக்கிளில் ஆள் போக வேண்டும். கரையில் கேட்டால் மீன் பெட்டியிலிருந்து ஒரு கூடை வந்து இறங்கும். காலில் மூன்று நாளைக்குச் சாளை வாடை போகாது.

ஜூலை 20, இரவு

அன்றைக்கு அது அவருக்கு ஐந்தாவது ஆட்டம் என்று வள்ளியூரிலிருந்து பதில் வந்திருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 27

பணம். இதை யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன், அம்பாசமுத்திரத்துக்காரர் கேட்டுவிட்டார். பாதியில் விழுந்த நடுவருக்குப் பாதிக் கூலியா? முழுக் கூலி. மீதியை ஊதியவருக்கு? அவருக்கும் முழுக் கூலி. இரண்டு கூலி கொடுக்க முடியாத குழு, கோப்பையில் ஓர் அடுக்கைக் குறைத்துக்கொள்ளட்டும்.

மருத்துவச் செலவுக்கு 'நம்மைக் காக்கும் 48' திட்டம் உதவும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உதவாது. அது சாலை விபத்துக்கு மட்டும். மைதானத்துக்கு வரும் வழியில் பைக்கிலிருந்து விழுந்தால் உண்டு. வந்த பிறகு விழுந்தால் இல்லை. வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனாவில் 18 முதல் 70 வயது வரை சேரலாம். உயிர் போனாலோ முழுமையாக முடமானாலோ 2 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 லட்சம். கிழிந்த தசைக்கும் ஸ்கேனுக்கும் அதில் காசு வராது. சேர்ந்து வையுங்கள், ஆனால் அதை நம்பி ஓடாதீர்கள். நடப்பில் உதவுவது, நுழைவுக் கட்டணத்திலிருந்து ஒரு பகுதியை ஒதுக்கி வைத்து, காயம் இல்லாமல் போட்டி முடிந்தால் அதை நடுவர்களுக்கே பிரித்துக் கொடுப்பது. ஒதுக்கிய பணத்தைக் கடைசி நாள் வெடிக்குச் செலவழிக்கும் குழுக்களை எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 3

வள்ளியூர்க் குழு புகாரைத் தள்ளிவிட்டது. அடுத்த போட்டிக்கு நோட்டீஸில் சேர்க்க வாசகம் கேட்கிறார்கள்.

அதற்கு முன் என் ஜூலை 6 குறிப்பை மறுபடி படித்துப் பார்த்தேன். அவர் வெளியே வந்திருக்க வேண்டும் என்று எழுதினேன். வந்திருந்தால் விசில் யார் கைக்குப் போயிருக்கும்? கொடி பிடித்த மைத்துனர் கைக்கு. அப்படியென்றால் நடுவட்டத்தில் நொண்டிக்கொண்டு நின்ற நடுநிலை மனிதரே மேல். கால் காயத்துக்கு இதை ஒப்புக்கொள்கிறேன். தலைக் காயத்துக்கு இல்லை. அதற்கு ஆள் கிடைக்காவிட்டால் ஆட்டத்தை மறுநாளைக்குத் தள்ளுங்கள், ஊர் ஒன்றும் இடிந்து விழாது.

வாசகம் இதோ. நீளமாக இருக்கிறது என்று அச்சகத்தில் சொன்னால் உபயதாரர் பட்டியலைக் குறையுங்கள்.

'ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மாற்று நடுவர் ஒருவர் பெயர் ஆட்டம் தொடங்கும் முன் இரு கேப்டன்களிடமும் அறிவிக்கப்படும். அவர் மேசையில் சொந்த விசிலோடும் ஓடும் கடிகாரத்தோடும் இருப்பார். கோல், அட்டை விவரங்களை மேசையிலும் எழுதி வைப்பார். நடுவருக்குத் தலையில் அடிபட்டால் மாற்று நடுவர் உள்ளே வர நடுவரின் அனுமதி முன்கூட்டியே வழங்கப்பட்டதாகக் கொள்ளப்படும். அவர் போதும் என்றால் நடுவர் விசிலை ஒப்படைப்பார். அதுவரை கொடுத்த தீர்ப்புகள் மாறா. இழந்த நேரம் சேர்க்கப்படும்.'

இதன் கீழே போட்டி தொடங்கும் முன்பே எல்லா நடுவர்களிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தெளிவாக இருக்கும்போது போட்ட கையெழுத்தைக் காட்டினால்தான், தெளிவில்லாதபோது வெளியே வருவார்கள்.

மாற்று நடுவர் அடுத்த ஆட்டத்தை ஊத வேண்டியவராக இருக்கலாம். ஆள் செலவு மிச்சம். பள்ளி மாணவராக இருக்க வேண்டாம், கேப்டன்கள் மிரட்டுவார்கள். மைக் பிடிப்பவரை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள்.

ஆகஸ்ட் 3, சற்றுப் பின்

மைக் பிடிப்பவர்தான் குழுவின் செயலாளராம். அந்த ஒரு வரியை நோட்டீஸில் சேர்க்க முடியாது என்கிறார்கள். சரி, வாய்மொழியாக வைத்துக்கொள்ளுங்கள்.